அறுவடை மெஷினில் ஏறிய மாப்பிள்ளை

எனக்கு நன்றாகக் கத்தத் தெரியும். நிர்வாகம் என்றால் அதுதான் என்று முப்பது வயது வரை நம்பினேன். (முட்டாப்பய. வேறென்ன சொல்ல?)

மாமனார் தன் அறுவடை மெஷினை என் பொறுப்பில் விட்ட முதல் வாரம். நன்னிலம் பக்கம் அவர் ஊரிலேயே செல்வமேரி அக்காவின் மூன்று மா சம்பா நெல், அதாவது ஒரு ஏக்கர், முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. மத்தியானத்துக்கு மேல் மழை என்கிறது செல்போன். காலையில் நான் பைக்கில் போய் இறங்கினால், டிரைவர் சேவியர் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அவருக்கு என் அப்பா வயது.

"ஏன்டா, டீ குடிக்கத்தான் சம்பளமா?"

"பனி ஈரம் காயட்டும் மாப்பிள்ளை. இப்ப விட்டா மெஷின் அடைச்சுக்கும்."

"எனக்கே பாடமா? ஓட்டத் துப்பில்லன்னா போடா!"

அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். சாவியை என் கையில் வைத்தார். "நீங்களே ஓட்டுங்க."

ஏறினேன். (டிராக்டர் ஓட்டியிருக்கேன்ல!) பத்தடி போவதற்குள் ஈர வைக்கோல் அடைத்து மெஷின் இருமியது. பின்னால் எடுக்கிறேன் என்று எந்த லிவரை இழுத்தேனோ, யானை குளிக்கப் போவதுபோல அது வரப்பை உடைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது.

கிழக்கே மேகம் கருத்தது. செல்வமேரி அக்கா வந்து நின்றார். "உங்க ரோஷத்த வீட்டுல வச்சுக்குங்க. என் நெல்லு நனைஞ்சா நீங்களா காய வைப்பீங்க? அவர்கிட்ட மன்னிப்பு கேளுங்க."

முழங்கால் சேற்றில் நின்று முணுமுணுத்தேன். "மன்னிச்சுக்குங்கண்ணே."

"திட்டுனது அடுத்த வயலுக்குக் கேட்டுச்சு மாப்பிள்ளை," என்றார் சேவியர். "இதுவும் அங்க கேக்கட்டும்."

கத்தினேன். அடுத்த வயலிலிருந்து "கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்று பதில் வந்தது.

சேவியர் இரண்டு டிராக்டரை வரவழைத்து மெஷினை மேலே இழுத்தார், அடைப்பை எடுத்தார், அறுத்தும் முடித்தார். அவர் சொன்ன இடத்தில் நின்று, சொன்னதைச் செய்தேன். நெல் டிராக்டர் பெட்டியில் ஏறி, நான் தார்ப்பாயைக் கட்டி முடித்தபோதுதான் முதல் தூறல் விழுந்தது.

இன்று என்னிடம் நான்கு மெஷின். ஒரு டிரைவரும் விட்டுப் போனதில்லை. வேலை தெரிந்தவரிடம் மரியாதையாகப் பேசு, அவர் சொன்னால் கேள். இதற்கு மேல் நிர்வாகத்தில் ஒரு வெங்காயமும் இல்லை. கோபம் இன்னும் வரும். வந்தால் பைக்கைத் திட்டுவேன்.

நான் வாய்க்காலில் இறங்கிய இடத்துக்கு ஊரில் 'மாப்பிள்ளை மடை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "மாப்பிள்ளை மடைக்குத் தெக்கால ரெண்டு மா அறுக்கணுங்க" என்று போன் வரும். "சரிங்க" என்று நானே எழுதிக்கொள்வேன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்கும் புது டிரைவர்களுக்கு மட்டும் என் பெண்டாட்டி விளக்கம் சொல்வாள், நானும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு.