முந்தி விழுந்த அட்சதை

முப்பது வருஷம் என் உடம்பை நம்பி ஏமாந்தவள் நான். பஞ்சாங்கம் தப்பினாலும் தப்பும், என் இருபத்தெட்டாம் நாள் தப்பாது என்று குமாரபாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். (இந்த வாய்க்குக் கிடைத்ததுதான் பின்னால் வருவது.)

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில், மாதவிலக்கு வந்து தூரமானால் மூன்று நாள் புறக்கடைக் குடிசையில் உட்கார வேண்டும். அடுப்பையும் தொடக் கூடாது, தறியையும் தொடக் கூடாது. அதனால் என் மகள் கல்யாணத்துக்கு ஜோசியர் மூன்று முகூர்த்தம் குறித்துக் கொடுத்தபோது, விரல்விட்டு எண்ணி நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ராசிபுரத்துச் சம்பந்தி அம்மாவிடம், என் நாள் அதற்குப் பத்து நாள் தள்ளித்தான் வரும் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு மாதம் வராது. பிறகு இரண்டே வாரத்தில் வரும். கல்யாண அலைச்சல் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். திடீரென்று கழுத்துக்கு மேல் அனலடிக்கும். உப்பு போட்டது மறந்து இன்னொரு பிடி போடுவேன். வீட்டுக்காரர் இருமினால்கூடக் கோபம் வரும். (அவர் இருமலும் அப்படிப்பட்டதுதான்.)

முகூர்த்தத்தன்று காலை, குளிக்கப் போன இடத்தில் வந்துவிட்டது. சொன்னால் குடிசைதான், பெற்ற பெண்ணுக்குத் தாலி ஏறுவதை மேளச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. வாழைமரம் கட்டியவன்கூடப் பந்தலில் நிற்கலாம், பெற்றவள் நிற்கக் கூடாதா? சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் போனேன்.

அட்சதைத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மீதியோடு மணமேடைக்கு வந்தபோது அனல் ஏறியது. கையில் இருப்பது என்ன என்பதே மறந்து, தட்டாலேயே முகத்துக்கு விசிறிக்கொண்டேன். மஞ்சள் அரிசி அத்தனையும் மாப்பிள்ளை தலையில் கொட்டியது. தாலி கட்டியாகிவிட்டது என்று நினைத்துத் தவில்காரர் கெட்டிமேளம் கொட்டினார். பந்தலே எழுந்து அட்சதை வீசியது. தாலியோ இன்னும் தேங்காய்மேல் இருந்தது. மாப்பிள்ளை வாயில் விழுந்த அரிசியைத் துப்பிக்கொண்டிருந்தார்.

மேளம் நின்றது. என் நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்து, உடம்புக்கு என்ன என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். சம்பந்தி அம்மா எழுந்து என்னை நோக்கி வந்தார். கல்யாணம் நின்றது என்றே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் கால் நகரவில்லை.

"நான் தூரமுங்க," என்றேன் அவர் காதில். "ஆனா எம்புள்ள கழுத்துல தாலி ஏறாம இந்த எடத்தை உட்டு நகர மாட்டேனுங்க."

அவர் தன் கையிலிருந்த பனையோலை விசிறியால் எனக்கு வீச ஆரம்பித்தார்.

"எனக்கும் இன்னைக்குத்தானுங்க. கம்முனு நில்லுங்க."

நாத்தனாரிடம் பந்தல் புழுக்கம் என்று சத்தமாகச் சொல்லி, புது அட்சதையும் கேட்டு வாங்கினார். இரண்டாவது கெட்டிமேளத்துக்குத் தாலி ஏறியது. கண்ணாரப் பார்த்தேன்.

பந்தியில் அவர்தான் விளக்கினார். சேலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினாராம். அடியோடு நிற்பதற்கு முன் சில வருஷம் இப்படித்தான் முன்னே பின்னே வரும், அனலடிக்கும், மறதி வரும், கோபம் வரும். இது நோயுமில்லை, சாமி குற்றமுமில்லை என்றாராம் அந்த டாக்டர். (கோபமும் அதில் சேர்த்திதானா என்று என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை சந்தேகம்.)

அதோடு குடிசைக்குப் போவதை விட்டேன். கேட்டவர்களுக்கு நேராகவே பதில் சொன்னேன். குடிசையில் கோழி அடைத்தோம்.

தனக்கு இரண்டு தடவை கல்யாணம் நடந்தது, முதல் தடவை அத்தை நடத்தி வைத்தார் என்று என் மாப்பிள்ளை இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வருஷம் என் பேத்தி கல்யாணம். அட்சதைத் தட்டு இந்தத் தடவை என் மகள் கையில். அவளுக்கும் நாற்பத்தைந்தாகிறது. அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்ததைப் பார்த்ததும் என் மாப்பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டார். நான் விசிறியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.