கிடாருக்கு விட்ட இடம்

கிடார்க்காரர் தன் இசைக்குழுவின் பாடகரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பல் டாக்டரின் வாசலில். புதுப் பல்செட்டோடு வெளியே வந்த பாடகர், தெரு என்றும் பாராமல் அடித்தொண்டையில் ஒரு வரி பாடிப் பார்த்தார். பல் நின்றது. எதிரே வந்த சைக்கிள்காரர்தான் விழுந்தார். "அடுத்த ஆல்பத்துல உன் கிடாருக்கு மூச்சுவிடக்கூட இடம் தரமாட்டேன்டா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவர், அந்த வாரமே தூக்கத்தில் போய்விட்டார்.

அவர்கள் போட்டிருந்தது ஒரே ஆல்பம். அடியில் ப்ளூஸ் சோகம், மேலே ராக் இரைச்சல். ஹோட்டல்களில் அடுத்தவர் பாட்டை வாசித்தே நரைத்தவர்கள், ஒருவழியாகச் சொந்தமாக ஒன்று போட்டார்கள். உலகம் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகை மட்டும் இரண்டு வரி எழுதியது, அதுவும் மரண அறிவிப்புகளுக்குப் பக்கத்தில்.

ப்ளூஸில் ஒரு முறை உண்டு. குரல் ஒரு வரி பாடிவிட்டு நிற்கும். அந்த இடைவெளியில் கிடார் பதில் சொல்லும். பாடகர் நின்றதே இல்லை. கிடார்க்காரரின் வீட்டிலும் அதே கதைதான். பஸ் நிலையத்தில் காலமெல்லாம் அறிவிப்பு செய்து ஓய்வுபெற்ற மனைவி, கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, தீர்ப்பும் வழங்கிவிடுவார். ஆக, கிடார்க்காரர் தன் ஆயுளில் ஒரு பதிலையும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போதோ விரல்கள் மடங்க மறுக்க ஆரம்பித்திருந்தன. அதற்குள் ஒருமுறையாவது பேசித் தீர்த்துவிட வேண்டும்.

எனவே, பாடகருக்கு அஞ்சலி என்ற சாக்கில், குரலே இல்லாத ஆல்பம். முழுக்க முழுக்கக் கிடார். டிரம்ஸ் அடிக்கும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கும், பேஸ் வாசிக்கும் ரயில் டிரைவரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்கள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மனைவிக்குத் தெரிந்தால் "இந்த வயசுல" என்று தொடங்கி இடுப்புத் தைலம் வரை போவார். சொல்லிவைத்தாற்போல, அவருடைய அக்காவுக்கு மூட்டுவலி வந்து சேர்ந்தது. மனைவி சாயங்காலமெல்லாம் அங்கேதான். பதிவு நாளன்று கிடார்க்காரர் முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டார்.

"பாவம், அக்கா எப்படி இருக்காங்களோ. இன்னிக்குப் பூரா கூட இருந்துட்டு வாயேன்."

"இவ்ளோ நல்ல மனசு உங்களுக்கு எப்ப வந்துச்சு?" என்றபடி மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மெக்கானிக்கின் பட்டறையில், கதவு கழன்ற ஃபிரிட்ஜுகளுக்கு நடுவே எல்லாம் தயாராக இருந்தது. பாடகரின் இடத்தில் ஒரு மைக் நின்றது. யாருக்கு இது என்று கிடார்க்காரர் கேட்டார். மெக்கானிக் ஒரு கம்ப்ரசரை ஆராயத் தொடங்கினார். ரயில் டிரைவர் கூரையில் சிக்னல் தேடினார்.

பெரிய ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து, தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே மனைவி வந்தார்.

"அக்காவுக்கு மூட்டுவலின்னு..."

"அவளுக்கென்ன, போன வாரம் மலையேறிட்டு வந்தா. நான் இங்கதான் பாடிப் பழகுறேன். வெறும் கிடாரை ஒரு ஆல்பம் பூராக் கேட்டா மனுஷன் தாங்கமாட்டான்னு இவங்கதான் வந்து அழுதாங்க."

கிடார்க்காரர் குதித்தார். இனி இங்கேயும் தனக்கு இடம் கிடைக்கப்போவதில்லை என்றார்.

"இடம்தானே? தர்றேன். நிதானமாச் சொல்லி முடிங்க. அதுவரைக்கும் வாயே திறக்கமாட்டேன்."

இதைவிட என்ன வேண்டும்? கிடாரை மாட்டிக்கொண்டார்.

மெக்கானிக் தாளத்தைத் தொடங்கினார். பஸ் ஹாரன்களோடு மல்லுக்கட்டி உரமேறிய குரல், பட்டறைத் தகரத்தை அதிரவைத்தது. "நேத்து முழுக்க எங்க இருந்தே, சொல்லு" என்று பாடிவிட்டு மனைவி நின்றார். உண்மையாகவே நின்றார். இடுப்பில் கை வைத்து, கணவரைப் பார்த்தபடி காத்திருந்தார்.

அந்தப் பார்வைக்கு எதிரே கல்யாணமான நாளிலிருந்து கிடார்க்காரர் செய்துவந்தது ஒன்றுதான். விரல்களும் அதையே செய்தன. சும்மா இருந்தன. அடுத்த வரி வந்தது, அடுத்த இடைவெளி வந்தது. ஒரு கம்பிகூட அசையவில்லை.

பாட்டு முடிந்ததும் ரயில் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மௌனத்தில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது, யாரும் தொடக்கூடாது என்றார். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று கிடார்க்காரர் கெஞ்சினார்.

"கேட்டப்ப சொல்லாம, இப்ப என்ன பேச்சு?" என்றார் மனைவி.

அந்த ஆல்பத்தையும் உலகம் கண்டுகொள்ளவில்லை. கேட்ட சிலர், முதல் பாட்டுதான் உசத்தி என்கிறார்கள். அதில் கிடார் கிடையாது.