காதாலேயே கார் பார்க்கிறவர்

உலகத்தில் கார் ஓட்டுகிறவர்கள் உண்டு, காரைப் பழுது பார்க்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், காது கொடுத்துக் கேட்டே காரின் கோளாறைக் கண்டுபிடித்துவிடுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருவில் யார் பானெட்டைத் திறந்தாலும் எங்கிருந்தோ முளைத்து வந்து, கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் காரைத் தொட்டுப் பார்த்து, "ம்" என்பார். அந்த "ம்"முக்கு மேல் பேச்சு கிடையாது. "தெரியலையே" என்று ஒருவர் சொன்னதாக இந்த இனத்தின் சரித்திரத்திலேயே இல்லை.

நம் கணக்கு வாத்தியாருக்கு வாய்த்த சகலை இந்த ரகம். சொந்தபந்தங்கள் அவருக்கு ஸ்டெத்தாஸ்கோப் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

வாத்தியாரின் கார் சில நாளாகவே சரியில்லை. நின்ற இடத்தில் சாதுவாக உறுமும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து வேகமெடுத்தால் போதும், ஸ்டியரிங் முதல் சீட்டு வரை கிடுகிடுவென்று நடுங்கும். காலை எடுத்தால் அடங்கிவிடும். சும்மா கிடக்கிற வாரமென்றால் பரவாயில்லை. திங்கட்கிழமை காலையில் மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்த பிறகு வந்த ஒரே அழைப்பு. பஸ் போகாத பாதை. சனிக்கிழமையே ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் தொல்லை விட்டிருக்கும். போகிற வழியில் சகலைக்குப் போன் போட்டது வாத்தியார் செய்த தப்பு.

"ஒர்க்‌ஷாப்பா? நான் ஒருத்தன் உயிரோட இருக்கும்போதா? வண்டிய திருப்புங்க சகலை!"

வண்டி திரும்பியது. வாத்தியார் வகுப்பில் புலி. சொந்தக்காரர் முகம் வாடினால் மட்டும் தாங்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்டெத்தாஸ்கோப் வந்து கண்ணை மூடினார்.

"மிதிங்க. இன்னும் கொஞ்சம். போதும். பிளக்கு."

"அவ்வளவுதானா அண்ணே?" என்றார் வாத்தியார்.

"மத்தவங்க கழட்டிப் பாத்துச் சொல்லுவாங்க. நான் கேட்டே சொல்லிடுவேன்."

இன்ஜினுக்குள் பெட்ரோலுக்குப் பொறி வைக்கிற பிளக்குகள் புதுசாக வந்தன. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் சொருகியிருந்த வயரைப் பிடுங்கி, பழசைக் கழற்றி, புதுசை மாட்டி, வயரைத் திரும்பச் சொருகினார், எல்லாம் தன் திருக்கரத்தாலேயே. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். கார் முன்னைவிட நன்றாக நடுங்கியது. நீங்களும் நானும் என்றால் அசடு வழிந்திருப்போம். அவரா?

"பாத்தீங்களா! ஒரு வியாதி தீர்ந்ததும் உள்ள இருந்த இன்னொரு வியாதி வெளிய வருது."

அப்புறம் பெட்ரோலில் கலப்படம் என்றார். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் நைந்துவிட்டது என்றார். டயரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாரம் சமமாக இல்லையோ என்று வாத்தியாரின் மனைவியை இடப்பக்கமும் தன் மனைவியை வலப்பக்கமும் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார், பிறகு இடம் மாற்றி உட்காரவைத்தும் ஓட்டினார்.

"எங்க வீட்டு வாஷிங் மெஷினையும் இப்படித்தான் காது வச்சுக் கேட்டாரு" என்றாள் அவர் மனைவி தங்கையிடம். "அது மேலதான் இப்ப துணி காயப்போடறேன்."

பொழுது சாயும்போது தீர்ப்பு வந்தது. "வண்டியில ஒண்ணுமே இல்ல. உங்க ரோடுதான் சரியில்ல." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கூடவே மருந்தும் சொன்னார்: "ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க. மிதிச்சாத்தானே நடுங்குது?"

"மலை ஏறணும் பெரியப்பா. மிதிக்காம எப்படி?" என்றாள் மகள்.

"மெதுவா மிதிச்சா அது மிதிச்ச கணக்குல வராதும்மா."

"அப்பா, நான் டாக்ஸி சொல்லிடறேன்."

வாத்தியார் சகலையின் முகத்தைப் பார்த்தார். அது சுருங்கத் தொடங்கியிருந்தது. "எதுக்கும்மா டாக்ஸி, பெரியப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ஸ்டெத்தாஸ்கோப்பும் கூடவே வந்தார், முன் சீட்டில். சமதரையில் சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். மலைச்சரிவு தொடங்கியதும் கார் குலுங்கி, துள்ளி, தும்மி, நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தார் வாத்தியார். ஒரு மனுஷன் மனசு நோகக்கூடாது என்று பெற்ற பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே!

ஸ்டெத்தாஸ்கோப் இறங்கினார், தலையைச் சாய்த்தார், கண்ணை மூடிக் கேட்டார். அணைந்து கிடக்கிற இன்ஜின் அவருக்கு என்ன சொன்னதோ, "ம்" என்றார்.

"பெரியப்பா, கொஞ்சம் தள்ளுங்க."

மகள் பானெட்டைத் திறந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை, குனிந்து பார்த்தாள். வரிசையாக இருந்த வயர்களில் மற்றதெல்லாம் அழுந்தி உட்கார்ந்திருக்க, கடைசி வயர் மட்டும் சொருகியும் சொருகாமலும் பல்லிளித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து. டக்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கப்பா."

கார் வழுக்கிக்கொண்டு மலையேறியது. கோளாறு உண்மையிலேயே பிளக்கில்தான் இருந்திருக்கிறது. முதல் வார்த்தையிலேயே மனிதர் சரியாகச் சொல்லிவிட்டார். மாட்டின கைதான் அரைகுறையாக மாட்டிவிட்டது. தான் சொன்னது சரி என்று தனக்கே தெரியாமல், பாவம், பகல் முழுக்கத் தப்பைத் தேடி அலைந்திருக்கிறார். கொஞ்சம் வெட்கப்படட்டும் என்று வாத்தியார் விட்டுவிட்டார். அந்த வெட்கம் அடுத்த வளைவு வரைக்கும்தான்.

"பிளக்குன்னு நான் முதல்லயே சொன்னேனா இல்லையா சகலை?"

விழுந்தவர் மீசையில் மண் ஒட்டவே இல்லை. தொழிற்சாலை வாசலில் கார் நின்றதும் மகள் அரக்கப்பரக்க உள்ளே ஓடினாள். அப்போதுதான் அவள் பெயரைக் கூப்பிட்டார்களாம். வேலை கிடைத்துவிட்டது. தன் காது வாங்கிக் கொடுத்த வேலை என்று ஸ்டெத்தாஸ்கோப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது அவருக்கு அடுத்த தெருவிலிருந்தும் அழைப்பு வருகிறது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: வேகமெடுத்தால் கார் நடுங்குகிறது என்று நான் எழுதிய இடத்திலேயே, வண்டியைக் கண்ணால் பார்க்காமல், "இது இதனாலதான்" என்று மனசுக்குள் ஒரு தீர்ப்புச் சொன்னீர்களா இல்லையா?

அந்த மனிதராவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.