எதையும் நினைவில் வைக்காத பிரவுசரும் ஒரு தனி அறையும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சௌக்கியமில்லாதது கூடத்தில் இருக்கும் கணினி ஒன்றுதான்.

தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்க, "அம்மா, சீப்பு எங்கே?" என்று யாரும் கேட்காத ஓர் அறையை வாடகைக்குத் தேடினேன் அல்லவா? மறுநாள் உன் அத்தான் செய்தி படிக்க உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம்: 'பெண்களுக்கான தனி அறை, உடனே குடியேறலாம்.' மனிதர் எழுந்து சமையலறைக்குப் போனார். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

நீ சொன்னபடி, யாரையும் பின்தொடர விடாத அந்தப் புது பிரவுசரைப் போட்டேன். பழையது லேசில் விடவில்லை, விருந்தாளியை எழுந்திருக்க விடாத வீட்டுக்காரர் மாதிரி "நிஜமாகவே போகிறீர்களா?" என்று மூன்று தடவை கேட்டது. புதியதோ, மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. மின்கட்டணம் கட்டப் போனால் நான் மனிதப்பிறவிதானா என்று சந்தேகப்பட்டு, சைக்கிள் இருக்கும் படங்களையெல்லாம் தொடச் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அந்தச் சந்தேகம்கூடப் பட்டதில்லை; இயந்திரம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மகள், "என் பாஸ்வேர்டெல்லாம் எங்கம்மா? யாரு இதுல கை வச்சது?" என்று குதித்தாள். அத்தான், "என்ன இது, எதுவுமே ஞாபகம் இல்லையா இதுக்கு?" என்றார். "உங்களை மாதிரிதாங்க" என்றேன். சிரிக்கவில்லை. நேற்று கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு பழைய பிரவுசரையே மறுபடி முன்னால் நிறுத்திவிட்டது, விளம்பரத்தோடு.

யோசித்துப் பார்த்தேன். முகம் தெரியாத கம்பெனிகளுக்கு என் ஆசை தெரிந்தால் என்ன? அவற்றின் முகம் வாடப் போவதில்லை. நான் பயப்படுவது ஒரே ஒரு முகத்துக்கு. அதை மறைக்கும் பிரவுசர் உன்னிடமும் இருக்காது. ஆகவே ஓர் உதவி செய்: அத்தான் கேட்டால், நீ இங்கே வந்திருந்தபோது உன் அலுவலகத் தோழிக்காகத் தேடியது என்று சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் ரகசியங்களாவது உன்னோடு இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: பொய் சொல்ல வேண்டாம். யாரும் பின்தொடராத பிரவுசரில் பத்திரமாக உட்கார்ந்து, மளிகைச் சாமான் பட்டியல் போட நாங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் ஆன்லைன் கணக்கிலேயே இதை எழுதியிருக்கிறேன். எழுத எழுத ஒவ்வொரு வரியும் அத்தானின் போனில் தெரிந்திருக்கிறது. படுக்கையறையிலிருந்து குரல் வருகிறது: "விளம்பரத்துல வந்த அந்த மாடி ரூம் வேணாம்மா, மழைக்கு ஒழுகும். நான் போய்ப் பார்த்துட்டேன். அங்கேயே கீழ் ரூம் நல்லாருக்கு, பெரிய ஜன்னல். தாராளமா ரெண்டு நாற்காலி போடலாம்."

இரண்டு நாற்காலியாம், தம்பி.