ஜாக்கி அண்ணன் நிமிர்த்திய தூண்

சாய்ந்த எதையும் ஜாக்கி போட்டு நிமிர்த்திவிடலாம் என்று நம்பிய ஒரே மனுஷன், இந்த உலகத்திலேயே எங்கள் நைனார்பாளையம் ஜாக்கி அண்ணன்தான். லாரிப் பட்டறை வேலையை விட்டவர், லாரி ஜாக்கியை மட்டும் விடவில்லை. சைக்கிள் கேரியரில் எந்நேரமும் கட்டிவைத்திருப்பார். பீரோ ஆடினால் வருவார். கட்டில் கால் இறங்கினால் வருவார். கூப்பிடவே வேண்டாம், வருவார்.

ஒருநாள் எதிர்வீட்டு எருமை படுத்துக்கொண்டு எழவே மாட்டேன் என்றது. இவர் ஜாக்கியை அதன் வயிற்றுப் பக்கம் கொண்டுபோனாரோ இல்லையோ, ஒரே துள்ளு! சின்னசேலம் ரோடு வரைக்கும் ஓட்டம். "பாத்தியா தம்பி, நான் இன்னும் போடவே இல்ல!" என்று பெருமை வேறு.

அப்பேர்ப்பட்டவர் என் வீட்டு கேட் தூணில் மாட்டிக்கொண்டார். ஆளுயரச் செங்கல் தூண். போன மழைக்கு அப்புறம் தெருப்பக்கம் சாய்ந்து, கேட்டை மூட முடியவில்லை. பத்து நாளில் மகளுக்கு நிச்சயதார்த்தம். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "இடிச்சிடுங்க, எவன் தலையிலயாவது வுழும்" என்று போய்விட்டார்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க என் மனைவி செல்விக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "பத்து வருஷமா தெனம் சாயங்காலம் உங்க ஜாக்கி அண்ணன் அதுமேல சாஞ்சிகினு கதை பேசுறாரே, தூணு இன்னாதான் பண்ணும்?"

கேட்டுக்கு வெளியே ஜாக்கி அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தார். அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும். மனுஷன் சண்டைக்கு வரவில்லை. "நான் சாச்சத நானே நிமித்துறம்மா. ஒரு வாரம் டைம் குடு" என்றார்.

மறுநாளே கேட்டைக் கழற்றினார். தூணுக்குப் பலகை கொடுத்து, பனங்கட்டையால் முட்டு வைத்து, ஜாக்கியைப் படுக்கப் போட்டார். காலையில் நாலு திருப்பு, சாயங்காலம் நாலு திருப்பு. "இன்னும் கொஞ்சம் திருப்புங்களேன்" என்றால் முறைப்பார். "அவசரப்பட்டா முதுகு ஒடிஞ்சிடும் தம்பி. தூணுக்கு!"

மூன்றாம் நாள் அடிமண்ணைத் தோண்டினார். ஒரே சேறு. ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். துணி சோப்பு வாசனை. துவைக்கிற கல்லிலிருந்து போகும் குழாய் உடைந்து, தண்ணி முழுக்க தூணுக்கு அடியில் இறங்கியிருக்கிறது. அந்தக் குழாயைப் பார்க்கச் சொல்லி செல்வி இரண்டு வருஷமாக என்னிடம்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

ஜாக்கி அண்ணன் சேற்றைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். "வுடு தம்பி, நல்லது நடக்கப்போற வூடு. நான் சாச்சதாவே இருக்கட்டும்" என்றார். குழாயை மாற்றி, பள்ளத்தில் ஜல்லியும் சிமெண்டும் கொட்டி இறுக்கினார்.

எட்டாம் நாள் கொத்தனாரே வந்து தூக்குக் குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, நூல் பிசகவில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். நிச்சயமும் நல்லபடியாக முடிந்தது.

அதற்கப்புறமும் ஜாக்கி அண்ணன் சாயங்காலம் வருவார். ஆனால் தூணிலிருந்து ரெண்டடி தள்ளித்தான் நிற்பார். முழங்கால் வலி, கால் மாற்றி மாற்றி நின்று, அஞ்சே நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். இருந்தும் செல்வியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு மாசம் பிடித்தது. அன்றைக்கு நான் வாங்கிய திட்டு பத்திரிகையில் போடுகிற மாதிரி இல்லை.

மறுநாள் அவர் வந்ததும் செல்வி கேட் வரைக்கும் போனாள். "அண்ணே, கால்வலியோட இன்னாத்துக்கு நின்னுகினு இருக்கீங்க? நல்லா சாஞ்சிக்குங்க" என்றாள்.

அவர் ஒரு விரலால் தூணைத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தோளைச் சாய்த்து, எருமைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நூறாவது தடவையாக இருக்கும். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.