ஜெல்லிமீன் மீனல்ல, ஆன்ட்டி

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. உயிரியலில் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பாடம் முடியும்வரை வாயை மூட மாட்டேன். உட்லண்ட்ஸில் டியூஷன் எடுப்பவனுக்கு அது பெரிய குறையில்லை. (மாணவர்கள் தப்ப முடியாது, கதவருகே நிற்பது நான்.) விருந்தில்தான் ஆபத்து.

நானும் மாலினியும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்திருந்தோம். முடிவெடுக்காதவர் அவளுடைய அம்மா, பிறந்ததிலிருந்தே சுத்த சைவம். "பையனைப் பாத்துப் பேசிட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். பேசுவதற்கு மாலினி பிடித்த இடம், அவளுடைய சீனத் தோழியின் கல்யாண விருந்து.

மாலினி மணமக்களோடு படம் எடுக்கப் போய்விட்டாள். ஆன்ட்டிக்குச் சொல்லிவைத்த சைவத் தட்டு வந்தபாடில்லை. பசியோடு மேசையை நோட்டம் விட்டவர், "தம்பி, கண்ணாடி மாதிரி இருக்கே, இது என்ன?" என்றார்.

"ஜெல்லிமீன், ஆன்ட்டி."

"ஐயோ, மீனா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"பேருதான் மீன். உண்மையில மீனே இல்ல! முள்ளு இல்ல, ரத்தம் இல்ல, இதயம் இல்ல, மூளைகூட இல்ல. சின்ன வயசுல செடி மாதிரி ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். பவளத்துக்குச் சொந்தம்."

"பவளமா?" என்று தன் மோதிரத்தைப் பார்த்தார்.

என் பாடத்தை அவ்வளவு அக்கறையாக யாருமே கேட்டதில்லை. ஜெல்லிமீன், பவளம், கடல் சாமந்தி எல்லாம் ஒரே தொகுதி, எல்லாவற்றுக்கும் கொட்டும் செல்கள் உண்டு என்று விளாசித் தள்ளினேன். 'விலங்கு' என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டேன்.

செடி, பவளம், சாமந்தி. ஆன்ட்டி கூட்டிக் கழித்துப் பார்த்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். "நல்லெண்ணெய் வாசம். நறுக்கு நறுக்குன்னு நல்லாயிருக்கு, தம்பி."

அவர் சாப்பிட்டதைப் பார்த்தேன். அவர் சைவம் என்பதும் தெரியும். இரண்டையும் முடிச்சுப்போடத்தான் தோன்றவில்லை; நான் வகுப்பில் இருந்தேன்.

மாலினி திரும்பி வந்து அலறினாள். "அம்மா! அது ஜெல்லிஃபிஷ் லா!"

"மீன் இல்லன்னு தம்பி சொன்னாரே."

"மீன் இல்லம்மா. ஆனா அதுவும் பிராணிதான்!"

ஆன்ட்டி எழுந்து வாய் கொப்பளிக்கப் போனார். மாலினி என்னைப் பார்த்த பார்வையில் என் கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்துபோனது தெரிந்தது. திரும்பி வந்தவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"தம்பி, அதுக்கு வலிச்சிருக்குமா?"

மூளை இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அதற்கு நரம்புகள் உண்டு. முதல்முறையாக எனக்குப் பாடம் வரவில்லை.

"தெரியல, ஆன்ட்டி. தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க." என் கண் கலங்கிவிட்டது.

அவர் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து நீட்டினார். "நானும் பசியில சரியாக் கேக்கல. நாளைக்குக் கோவிலுக்குப் போறேன், நீங்களும் வாங்க."

போனேன். ஆறு மாதத்தில் அதே கோவிலில் எங்கள் கல்யாணம் நடந்தது.

இன்றும் எந்த விருந்துக்குப் போனாலும் அத்தை என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறார். "எங்க மாப்பிள்ளை, பயாலஜி வாத்தியார். எது மீன்னு அவர்கிட்ட கேளுங்க. எது சைவம்னு மட்டும் என்கிட்ட கேளுங்க."