நாற்பத்து மூன்றாவது தொட்டி

ரகசியத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தர எனக்குச் சம்பளம் தருகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தகவல் பாதுகாப்பு அலுவலர் நான். மாதம் ஒருமுறை ஊழியர்களை உட்காரவைத்து வகுப்பு எடுப்பேன். பிறந்தநாளைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். பூனையின் பெயரை வைக்காதீர்கள். எதுவானாலும் மனைவியிடம் சொல்லாதீர்கள். மூன்றாவதற்கு எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

ஆகவே, ஒரு கஞ்சாச் செடி வளர்ப்பது என்று தீர்மானித்தபோது எனக்குப் பயமே வரவில்லை.

காரணம் கழுத்து. ஆறு மாதமாக வலி. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கதவு திறப்பதுபோல மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பேன். மாத்திரைக்கு அசையவில்லை. தைலத்துக்கு அசையவில்லை. அலுவலக ஓட்டுநர்தான் ஒருநாள், "அந்த இலையக் கொதிக்கவெச்சுக் குடிங்க சார், வலி பறந்துடும்" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் ஒரே ஒரு விதை. எங்கள் ஊரில் ஒரு செடிக்கும் சிறை உண்டு. அதற்கு முன்பே வேலை போய்விடும். போதாததற்கு எங்களுக்கு நேர்கீழே, இரண்டாம் மாடியில், போலீஸ் இன்ஸ்பெக்டர் குடியிருக்கிறார்.

என் மனைவிக்கு நாற்றுப்பண்ணையில் வேலை. எங்கள் பால்கனியில் அவளுடைய நாற்பத்திரண்டு தொட்டிகள். கல்யாணப் பந்தியில் ஓர் ஆள் அதிகமாக உட்கார்ந்தால் யார் எண்ணப்போகிறார்கள்? வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நாற்பத்து மூன்றாவதை வைத்தேன்.

மூன்று இலை விட்ட அன்று அவள் கேட்டாள்.

"ஏங்க, மெஷினுக்குப் பின்னாடி என்னவோ முளைச்சிருக்கே?"

"காத்துல விதை வந்து விழுந்திருக்கும்."

"தொட்டியோட விழுந்துச்சா?"

"பழைய தொட்டி. சும்மா கிடந்தது. நான்தான் எடுத்துவெச்சேன்."

"நீங்களா? சாப்பிட்ட தட்டையே எடுத்துவெக்க மாட்டீங்களே."

"ஒரு மனுஷனுக்குச் செடி மேல ஆசை வரக்கூடாதா?"

அவள் குனிந்து ஓர் இலையை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி இலையைப் பார்த்தாள்.

"வரலாம். நல்லா தண்ணி ஊத்துங்க" என்றாள்.

இவ்வளவுதானா நாற்றுப்பண்ணை ஞானம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துச் செடி கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. வெயிலாக இருக்கும்.

வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்று இருந்தது. அதில் நான் சேர்ந்த விதத்தைப் பாடப்புத்தகத்தில் வைக்கலாம். தனியாக ஒரு போன். நான் இருக்கும் இடத்தை வேறு கண்டத்தில் காட்டும் செயலி. காமிராவின் மேல் கறுப்பு ஒட்டுநாடா. புனைபெயர்: நிழல். பாஸ்வேர்டு மட்டும் எங்கள் கல்யாண நாள். மறந்துபோகக் கூடாது என்பதற்காக, பாஸ்வேர்டைத்தான் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விரதம்: செத்தாலும் செடியின் படத்தைப் போடமாட்டேன். ஒரு படம் ஆயிரம் துப்புக் கொடுக்கும். இதுவும் வகுப்பில் சொல்வதுதான்.

படம் போடவில்லை. எழுதினேன்.

முதலில் செடியைப் பற்றி எழுதினேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள் அலுத்துக்கொண்டு, 'என் மனைவி நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறாள். மூக்குக்குக் கீழே வளர்வது இன்னும் தெரியவில்லை' என்று எழுதினேன். முப்பது பேருக்குப் பிடித்திருந்தது. வீட்டில் நான் சொல்வதை ஒருவருக்குக்கூடப் பிடிப்பதில்லை. விடுவேனா? கேள்விகள் வந்தன. பதில்கள் போயின. மூன்றாம் மாடி என்றேன். லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒருமுறை விக்கும் என்றேன். அவள் குறட்டை விட்டால் லிஃப்டே தேவலை என்றேன். நான் ஊற்றும் தண்ணீர் கீழ்வீட்டு இன்ஸ்பெக்டரின் வழுக்கையில் சொட்டுகிறது, அவர் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார் என்றேன். அதற்கு மட்டும் இருநூறு பேர். முன்பே ஆபீஸ் விட்டு வந்தால் போன்தான்; இப்போது சாப்பாடு வரைக்கும் அதற்குள்தான் இருப்பேன். அவள் ஏதாவது கேட்டால் குனிந்தபடியே "ம்" என்பேன்.

கழுத்து வலி கூடியது. இலையின் வேளை வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். இரண்டைப் பறித்துக் கொதிக்கவைத்துக் குடித்தேன். உலகமே லேசானது. அன்று எழுதியதுதான் என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். பனியனோடு இன்ஸ்பெக்டர். வழுக்கையில் ஈரம். கையில் போன்.

"காலையில தொந்தரவு பண்றேன். ஒண்ணு படிக்கறேன், கேக்கறீங்களா?"

"உ... உள்ள வாங்க சார்."

அவர் உட்காரவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குற்றப்பத்திரிகை படிக்கும் குரலில் படித்தார்.

"'கூரை மறைந்தது. மேகம் தெரிந்தது. மேகத்தின் மேல் கால்நீட்டிப் படுத்தேன். தூரத்தில் ஒரு குறட்டை. அதுகூட இசையாகக் கேட்டது.'"

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"நல்லா இருக்கு சார். யாரு எழுதினது?" என்றேன்.

"நிழல்னு ஒருத்தன். யாரோ இதைச் சிரிப்புப் பக்கத்துல எடுத்துப் போட்டிருக்கான். அங்கேருந்து நம்ம குடியிருப்பு லேடீஸ் குரூப்புக்கு வந்து, என் வீட்டம்மா எனக்குக் காட்டினா. மூணாம் மாடி. விக்கற லிஃப்ட். கீழ இன்ஸ்பெக்டர், வழுக்கை. ஊருக்குள்ள எத்தனை இன்ஸ்பெக்டர் மண்டையில தண்ணி சொட்டுது சொல்லுங்க?"

நான் கணக்கிட்டுப் பார்ப்பதுபோல விட்டத்தைப் பார்த்தேன். வேலை, சம்பளம், மாதாந்திர வகுப்பு, எல்லாம் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கண்ணா. செடியப் பாக்க வந்தீங்களா? பால்கனி இந்தப் பக்கம்."

"வேண்டாமே, அங்க ஒரே ஈரம்..." என்றேன். யாரும் கேட்கவில்லை.

அவர் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். நாற்பத்திரண்டு முடிந்தது. சுற்றிப் பார்த்தார். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதுவா?"

"அதேதான் அண்ணா. இவர் ஆசையா வளக்கறது."

கண்ணைத் திறந்தேன். செடியின் உச்சியில், அன்று காலைதான் விரிந்ததுபோல, ஒரு மஞ்சள் பூ. எலுமிச்சம்பழ அளவு. இப்படியொரு பூவைப் பற்றி அந்தக் குழுவில் ஒருவரும் சொன்னதில்லை.

"இது செண்டுமல்லி ஆச்சேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செண்டுமல்லியேதான்."

"இதுல கஞ்சான்னு போட்டிருக்கே?"

"இவருக்கு எது கஞ்சா, எது செண்டுமல்லின்னு தெரியுமா அண்ணா? கீரைக்கட்டு வாங்கிட்டு வரச்சொன்னா மூணுதடவை போன் பண்ணுவாரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அதில் இருந்த பரிதாபத்தைவிடச் சந்தேகம் மரியாதையானது.

"சார், ரகசியம் காக்கறதப் பத்தித்தான் நீங்க ஆபீஸ்ல கிளாஸ் எடுக்கறதா கேள்விப்பட்டேன்."

"ஆமா சார்."

"தொடர்ந்து எடுங்க. நீங்களும் ஒருநாள் உக்காந்து கேளுங்க. தொட்டிக்கு அடியில ஒரு தட்டு வைங்க."

போகும்போது மனைவி அவர் வீட்டம்மாவுக்கு இரண்டு செண்டுமல்லி நாற்றுகளைக் கொடுத்தனுப்பினாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நிழல் சார், சொல்லுங்க."

"அந்தச் செடி..."

"மூணாவது இலையிலேயே பிடுங்கிட்டேன். இது பண்ணையில மிஞ்சின நாத்து. பந்தின்னு நீங்கதான் எழுதியிருந்தீங்களே, ஒரு ஆள் அதிகமா உக்காந்தாலும் பரிமாறறவளுக்குத் தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிறுத்துவீங்களா? இன்னொரு விதை வாங்கிட்டு வந்து, எனக்குத் தெரியாத இடத்துல வெப்பீங்க. இது இருக்கறவரைக்கும் வீட்டுல கஞ்சா இல்லை. எனக்கு நிம்மதி. ஒரு படமாவது போட்டிருந்தா அங்கயே எவனாவது செண்டுமல்லின்னு சொல்லியிருப்பான்."

"பாதுகாப்புக்காகப் போடல."

"அதைத்தான் சொல்றேன்."

"அப்ப நான் மிதந்தது?"

"மிதந்தீங்களா? அன்னைக்கு அஞ்சுதடவை பாத்ரூம் போனீங்க. நான் எண்ணினேன்."

எனக்கு எங்காவது ஓரிடத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது. "பேரு போடல. ஊரு போடல. முகம் போடல. எழுதினது நான்தான்னு நீ எப்படி நிச்சயமாச் சொல்றே?"

"பேரு மட்டும்தானே போடல? மத்ததெல்லாம் போட்டிருந்தீங்களே. மனைவி குறட்டைன்னு அந்த லேடீஸ் குரூப்புல வந்ததும் எதுத்த வீட்டு டீச்சர் என்கிட்டேயே வந்து கேட்டாங்க. ஒரு வாரமா லிஃப்ட்ல என்னைப் பாத்தா எல்லாரும் விக்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது. சிறைக்குப் பயந்த அளவுக்கு இதைப் பற்றி நான் நினைத்தே பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிடறேன்" என்றேன்.

"நேத்தே அழிச்சிட்டேன். அடுத்தவங்க எடுத்துவெச்சதைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

"பாஸ்வேர்டு?"

"முதல்ல உங்க பிறந்தநாள் போட்டேன், வரல. சும்மா கல்யாண நாளைப் போட்டுப் பாத்தேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "திறந்துடுச்சு. அதுக்காகத்தான் இன்னைக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி பேசினேன்."

கையை நீட்டினாள். தனிப் போனைக் கொடுத்தேன். கை நீட்டியபடியே இருந்தது. இன்னொன்றையும் கொடுத்தேன். "இது ஆபீஸுக்குப் போறப்ப கிடைக்கும். வந்ததும் திருப்பிக் குடுத்துடணும்" என்றாள்.

அதற்குப் பின் நடந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. ஓட்டுநரிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை எழுந்தபோது கழுத்து வலி இல்லை. இடது பக்கம் திருப்பினேன். வலது பக்கம் திருப்பினேன். ஆந்தைபோலத் திரும்பியது. போனைப் பார்த்துக் குனிந்து குனிந்தே அந்த வலியை வளர்த்திருக்கிறேன்! இதை அவளிடம் சொன்னால் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவாள். ஒரு ரகசியத்தையாவது ஒழுங்காகக் காப்பாற்றுவது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். சாப்பிடும்போது பழக்கப்படி கழுத்தைப் பிடித்துக்கொண்டு லேசாக முனகவும் செய்தேன்.

அவள் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"கழுத்து சரியாயிடுச்சுபோல?"

"யாரு சொன்னா?"

"நாலு நாளா என் மூஞ்சியப் பாத்துப் பேசறீங்களே."